ஆளில்லாத கரை

வேலப்பனுக்குக் கண் தெரியவில்லை என்பது எண்ணூர்க் கால்வாய்க் கரையில் எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்பது வேலப்பனுக்கு மட்டும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அவர் சைக்கிள் விடுகிற தினுசைப் பார்த்து நீங்களும் சிரித்துவிடுவீர்கள்.

கால்வாய் இலாகாவில் அவர் பியூன். சடையங்குப்பம் லாக்கிலிருந்து எண்ணூர் லாக்குக்குத் தபால் பையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கிருக்கிற பையை வாங்கிவர வேண்டும். லாக்கு என்பது படகுகளை ஏற்றி இறக்கக் கால்வாயின் குறுக்கே வைத்த கதவு. பழைய லாக்கின் ஓரமாக ஓட்டு வீடு ஒன்று கொடுத்திருந்தார்கள். சைக்கிளும் இலாகாவுடையதுதான். கண் போனது வெளியே தெரிந்தால் சைக்கிள் போகும், சைக்கிள் போனால் வேலை போகும், வேலை போனால் வீடும் போகும். அதனால் அந்த விஷயம் தனக்கும் பெண்டாட்டி தாயம்மாவுக்கும் மட்டும் தெரிந்த பரம ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

வெளிச்சம் தெரியும், இருட்டு தெரியும். நடுவில் இருப்பதெல்லாம் பாலாடை போர்த்தின மாதிரி மங்கல். தாயம்மா எழும்பூர்க் கண் ஆஸ்பத்திரிக்கு வாய்யா வாய்யா என்று தொண்டை வற்றக் கத்திப் பார்த்துவிட்டாள்.

"லீவு கேட்டா இன்னாத்துக்குன்னு கேப்பானுங்கமே. கண்ணுன்னு சொன்னா அன்னிக்கே வூட்ட காலி பண்ணு இம்பானுங்க" என்பார் வேலப்பன். அதுவும் ஒரு காரணம்தான். ஆஸ்பத்திரியில் கண்ணைத் தோண்டி எடுத்துக் கிண்ணத்தில் போட்டுவிடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பினதுதான் பெரிய காரணம்.

இவர் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சைக்கிள் விட்டிருந்தால் முதல் நாளே கதை முடிந்திருக்கும். உப்பு மூட்டை வண்டி, மரக்கட்டை வண்டி, லாரி, தெற்கே ராயபுரத்தை எட்டினால் டிராம். கால்வாய்க் கரையில் அந்த வம்பே இல்லை. வலக்கைப் பக்கம் கால்வாய்த் தண்ணீர். இடக்கைப் பக்கம் சவுக்குத் தோப்பு, அதற்கப்பால் பனை, அதற்கும் அப்பால் கண்டல் மரங்கள் அடர்ந்த கொசஸ்தலை ஆறு. நடுவில் சரளை போட்ட ஒற்றைத் தடம். அந்தத் தடத்தில் சக்கரம் என்று உருள்வது வேலப்பனின் சைக்கிள் மட்டுமே.

சரளையில் போனால் டயர் கரகரவென்று பேசும். சத்தம் நின்று மெத்தென்று ஆனால் புல், அதாவது தண்ணீர் பக்கத்தில் வந்துவிட்டது. ஹேண்டில் இழுத்தால் மணல், அதாவது தோப்புக்குள் போகிறோம். இப்படிக் காதாலேயே கரையைப் படித்துக்கொண்டு போய்வந்தார்.

அது மட்டும் போதாது. வளைவுகள் இருக்கின்றன, உலர்த்தின வலைகள் இருக்கின்றன, எருமை இருக்கிறது. அங்கேதான் கரைக்காரர்கள் வருகிறார்கள்.

அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒரு வலையால் தெரிந்தது. பூவம்மா கால்வாயிலும் ஆற்றிலும் இறங்கிக் கிளிஞ்சல் பொறுக்கிச் சுண்ணாம்புச் சூளைக்குக் கொடுக்கிறவள். ஒருநாள் கழி நட்டு வலையைக் காயப்போட்டு, அதன் மேலேயே தன் பழைய சேலைத் துண்டையும் மாட்டிவிட்டுத் தண்ணீரில் இறங்கியிருந்தாள். மணியடித்துக்கொண்டு வந்த வேலப்பன் காலை ஊன்றி நின்றார். வலையைப் பார்த்து, "இன்னா பூவம்மா, சௌக்கியமா?" என்றார்.

வலை பேசவில்லை.

"புள்ளைக்குக் காய்ச்சல்னியே, தேவலியா?" என்றார். அதற்கும் பதில் இல்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். பூவம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அத்தனையும் பார்த்தாள். ஊரில் எவன் தடுக்கி விழுந்தாலும் முதலில் சிரிக்கிற வாய் அது. அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து கையால் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த வேலப்பன், "பூவம்மாவுக்கு பவுசு வந்துட்ச்சிமே. நின்னு கேக்கறேன், வாயே தொறக்கல" என்று தாயம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

பூவம்மா போய் இரண்டு பேரிடம் சொன்னாள். ஒருவன் சுயம்பு, தெற்கேயிருந்து வந்து பனை ஏறுகிறவன். இன்னொருவர் ரஷீது, தோப்பில் சவுக்கு வெட்டி விறகுக்குப் படகேற்றுகிறவர். மூன்று பேரும் கூடினார்கள். பிறகு ரஷீதுதான் வழி சொன்னார்.

கால்வாயில் படகுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கரையில் ஆட்கள் கயிறு கட்டிப் படகை இழுத்துவருவார்கள். வளைவில் எதிரெதிரே இரண்டு படகு வந்தால் கயிறும் கயிறும் சிக்கும். அதனால் வளைவுக்கு முன்னாலேயே யார் படகு, என்ன சரக்கு என்று குரல் கொடுத்துவிட வேண்டும். அது படகுக்கு உள்ள சட்டம். கிளிஞ்சல்காரிக்கும் பனையேறிக்கும் அதில் ஒரு வேலையும் கிடையாது. ஆனால் மறுநாளிலிருந்து சைக்கிள் மணி கேட்டதும், "பூவம்மா! கிளிஞ்சக் கூடை! தண்ணியோரம்!" என்று ஒரு குரல் வரும். "சுயம்பு! பனையிலே இருக்கேன் அண்ணாச்சி! கலயம் கீழே இருக்கு!" என்று மேலிருந்து ஒரு குரல். "ரஷீது! விறகு! வளைவாண்ட!" என்று இன்னொன்று. பார்த்துப் பார்த்து உப்பளத்துப் பெண்களும் மாடு மேய்க்கிறவர்களும் கூடக் கத்த ஆரம்பித்தார்கள்.

வேலப்பனுக்கு ஒரே பெருமை. "சர்க்கார் ஆளு வராருன்னு ஜனங்களுக்கு ஒரு ஒயுங்கு வந்துட்ச்சி" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் புது இன்ஜினீயர் செல்வநாதன் வந்து சேர்ந்தார். வயசு கம்மி, சைக்கிள் பைத்தியம். படகில் வந்து கால்வாயைப் பார்க்க மாட்டாராம், கரையோடு சைக்கிளில் வருவாராம். சேதி வந்ததும் ஓவர்சியர் சுப்புராயனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கெட்ட மனுஷர் இல்லை அவர். மேலதிகாரி என்றால் உதறல் எடுக்கிற சாதாரண மனுஷர், அவ்வளவுதான்.

"நாளைக்குக் கரையில ஒரு காக்கா இருக்கக் கூடாது. வலை, கூடை, மாடு, ஆளு, ஒண்ணும் கண்ணுல படக் கூடாது. எவனாவது சத்தம் போட்டீங்க, அப்புறம் இந்தப் பக்கமே வர முடியாது" என்று ஒவ்வொரு இடமாக நின்று சொல்லிக்கொண்டு போனார். அதோடு விட்டாரா? கூலியாட்களை வைத்துத் தண்ணீர் ஓரத்திலிருந்து தோப்பு ஓரம் வரைக்கும் புதுச் சரளை கொட்டிப் பரப்பிவிட்டார். புல்லும் இல்லை, மணலும் இல்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பூவம்மாவும் கூலியாட்களோடு சேர்ந்து கூடை கூடையாகச் சரளை சுமந்தாள். அண்ணாத்தைக்கு நாளைக்கு மேடு பள்ளம் இல்லாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு ஓரமெல்லாம் காலால் நிரவிக்கூட விட்டாள். ஓரத்துப் புல்தான் அவருக்குக் கண் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

கடைசியாகச் சுப்புராயன் வேலப்பனிடம் வந்து, "நீதான் முன்னால சைக்கிள்ள போய் ஐயாவுக்கு வழி காட்டணும். பழகின ஆளு நீ" என்றார். குருடன் கையில் விளக்கைக் கொடுத்தாகிவிட்டது. வேலப்பன் "சரிங்க" என்றார். வேறென்ன சொல்வார்?

ஓவர்சியர் தலை மறைந்ததும் தாயம்மா பிடித்துக்கொண்டாள். "யோவ், இப்பவாவது சொல்லிடுய்யா. நடுவுல மதகத் தாண்டணும். ரெண்டு பலகை அகலம், புடிக்க கட்டை கூட இல்ல. வியுந்தா நீ மட்டுமா வியுவ? பின்னால அந்த மனுசனும் வியுவாரு."

"நீ சும்மா கெட. நாளைக்கு வூட்ட வுட்டு வெளிய வந்தே, மருவாதி கெட்டுடும்" என்றார் வேலப்பன். கோபமாகச் சொன்னாரே தவிர, அவருடைய கை சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டே இருந்தது. பயந்தால் அவர் கை அங்கேதான் போகும்.

காலை வெயில் ஏறும்போது செல்வநாதன் வந்தார். பளபளவென்று சொந்தச் சைக்கிள். கரையைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அடடா! பட்டணத்துல எங்கேய்யா நிம்மதியா மிதிக்க முடியுது? மாடு, டிராம், ஜட்கா. இங்கே பாரு, சொர்க்கம் மாதிரி இருக்கு. நீ முன்னால போ, நான் பின்னாலயே வரேன்" என்றார்.

வேலப்பன் ஏறி மிதித்தார். கரகர. இடது பக்கம் சாய்த்துப் பார்த்தார், கரகர. வலது பக்கம் சாய்த்தார், அங்கேயும் கரகர. கரை முழுக்க ஒரே சத்தமாக இருந்தால் எது நடு, எது ஓரம்? ஒரு குரல் இல்லை. ஒரு கூடை வைக்கிற சத்தம் இல்லை. மனுஷர்களை எல்லாம் துடைத்து எடுத்துவிட்ட கரை. பின்னால் இன்ஜினீயர் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். நமக்குப் பிடித்த அமைதி இன்னொருவனுக்கு எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரிகிறது?

முதல் வளைவு இங்கேதான் எங்கேயோ வர வேண்டும். வேகத்தைக் குறைத்தார்.

'டொக்.'

தோப்புக்குள்ளிருந்து ஒரு சத்தம். கோடாலி மரத்தில் விழுகிற சத்தம். மறுபடி 'டொக், டொக்'. ரஷீது எப்போதும் குரல் கொடுக்கிற அதே வளைவு. கரையில் நிற்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் ஓவர்சியர் சொல்லியிருந்தார். விறகு வெட்டக் கூடாது என்று சொல்லவில்லையே. வேலப்பன் கோடாலிச் சத்தத்தை இடக்கைப் பக்கமாக வைத்துக்கொண்டு வளைந்தார். நல்ல வேளை, ரஷீதுக்கு இன்றைக்கும் வேலை இருந்திருக்கிறது என்று நினைத்தார்.

கொஞ்ச தூரம் போனதும் தலைக்கு மேலே யாரோ இருமினார்கள். சாதாரண இருமல் இல்லை, க்ஷயரோகக்காரன் கூட அப்படி இரும மாட்டான். பனைமேல் சுயம்பு. இருமல் நிற்கவே இல்லை. சைக்கிள் நெருங்க நெருங்கப் பலமாக, தாண்டினதும் மெதுவாக. வேலப்பன் யோசித்தார். தபால் போகிற விடியல் நேரத்திலேயே பனை ஏறி இறங்கிவிடுகிறவன் சுயம்பு. இந்த வெயிலில் அவனுக்கு மரத்தின் மேல் என்ன வேலை?

அடுத்த திருப்பத்தில் தண்ணீருக்குள்ளிருந்து கிளிஞ்சல் கூடையைத் தட்டுகிற ஓசை வந்தது. பூவம்மா. கரையில் நிற்கக் கூடாதென்றால் கழுத்தளவு தண்ணீரில் நின்றுவிட்டாள் போலிருக்கிறது. தட்டு, தட்டு, தட்டு. இப்படி வா, இப்படி வா என்கிற மாதிரி.

அப்போதுதான் வேலப்பனுக்கு உறைத்தது.

இவர்களுக்குத் தெரியும். இன்றைக்கு இல்லை, என்றைக்கோ தெரியும். தினம் தினம் கத்தின கத்தல் சர்க்கார் ஆளுக்காக இல்லை, கண் தெரியாத வேலப்பனுக்காக. மீசையைத் தடவிக்கொண்ட தன்னை நினைத்து அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அவமானமாக இருந்தது. அதற்கு மேலே, மரத்தில் ஏறினவனையும் தண்ணீரில் நிற்கிறவளையும் நினைத்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தெரிகிற கொஞ்ச வெளிச்சமும் கலங்கிப்போயிற்று.

இனி மதகு. கால்வாயில் மிஞ்சின தண்ணீர் ஆற்றுக்குப் பாய்கிற இடம். பலகையின் மேல் போக வேண்டும். மற்ற நாளில் ஓரத்துப் புல்லை ஒட்டியே போய்ப் பலகையைப் பிடித்துவிடுவார், இன்றைக்கு அந்தப் புல்லும் இல்லை. அங்கே மரமும் இல்லை, மறைவும் இல்லை. சுப்புராயன் வேறு அங்கேயே நிற்பதாகச் சொல்லியிருந்தார். இங்கே யார் குரல் கொடுப்பார்கள்? இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் பலகை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிய வேண்டுமே. தண்ணீர் இரைச்சல் நெருங்கிவந்தது. நின்றுவிடலாம், சொல்லிவிடலாம் என்று பிரேக்கில் கை வைத்தார்.

"எங் கோயி எங்கய்யா?"

மதகுக்கு அந்தப் புறத்திலிருந்து ஒரு குரல் வெடித்தது. எட்டூருக்குக் கேட்கிற குரல். வேலப்பன் வாழ்நாளெல்லாம் எந்தக் குரலுக்குப் பயந்து வீட்டைவிட்டு ஓடினாரோ, அதே குரல்.

"இந்தாம்மா, போ, போ அந்தாண்ட. ஐயா வராரு" என்று சுப்புராயன் கெஞ்சுவது கேட்டது.

"எந்த ஐயா வந்தா எனக்கின்னாய்யா? முட்டை வெக்கற கோயி! செவப்புக் கோயி! இந்தப் பலகைக்கு நேரா தான் நின்னுகினு இருந்துது. நேரா! இதோ, நான் நிக்கறேன் பாரு, இத்துக்கு நேரா! உன் ஆளுங்க புட்சிகினு போய்ட்டானுங்க. கோயி வராத நான் நவுர மாட்டேன். நேரா இங்கயே நிப்பேன்!"

வேலப்பன் பிரேக்கை விட்டார். அந்த வசவை நோக்கி நேராக மிதித்தார். பலகை சக்கரத்தின் கீழே தடதடவென்றது, கீழே தண்ணீர் இரைந்தது, தாயம்மா நிறுத்தாமல் திட்டினாள். மறுபடி சரளை கரகரத்தபோது அவள் சேலை அவர் கையில் உரசியது. அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

பின்னால் வந்த செல்வநாதன், "யாருய்யா அந்தம்மா?" என்று சிரித்தார்.

"எம் பொஞ்சாதிங்க" என்றார் வேலப்பன். இதை இவ்வளவு பெருமையாக அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எண்ணூர் லாக்கின் நிழலில் இன்ஜினீயருக்குப் பதநீர் வந்தது. குடித்துக்கொண்டே அவர் சந்தோஷமாகப் பேசினார். "சுப்புராயன், பிரமாதம். இந்தக் கரையை எப்பவும் இப்படியே வெச்சிருக்கணும். ஆள் நடமாட்டம் கூடாது, வலை உலர்த்தக் கூடாது, விறகு அடுக்கக் கூடாது. நான் இன்னைக்கே உத்தரவு எழுதிடறேன். இவரும் நல்லா நிதானமா ஓட்டறார், அதையும் எழுதறேன்."

"அப்படியே ஆகட்டும் ஐயா" என்றார் சுப்புராயன்.

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். நல்ல பேர் எழுதின காகிதம் கையில் இருந்தால் வீடு இன்னும் எத்தனையோ நாள் நிற்கும். வேலப்பன் நின்றார். கழுத்தளவு தண்ணீரில் நின்று கூடையைத் தட்டினவளை இனி கரைக்கே வராதே என்று சொல்லப் போகிறார்கள். சுயம்புவுக்குப் பனை போகும், ரஷீதுக்கு விறகு போகும். எல்லாம் தன் சைக்கிள் ஒழுங்காக வந்து சேர்ந்ததால்.

"ஐயா, எனக்குக் கண்ணு தெரியாது" என்றார்.

"என்னது?"

"கண்ணு தெரியாதுங்க. ரொம்ப நாளா தெரியாது. உங்கள இட்டாந்தது நானில்லீங்க. தோப்புல வெறகு வெட்னாரே, மரத்து மேல இருமினானே, தண்ணில கூடை தட்னாளே, அவங்க தான் இட்டாந்தாங்க. மதகுல எம் பொஞ்சாதி இட்டாந்தா. ஆளுங்கள தொரத்தினா இந்தக் கரை எனக்கு ஆவாதுங்க. நான் போயிட்டா கூட, அவங்க பொயப்பு அங்கதான் கீது."

"ஐயா, வெயிலுக்கு உளர்றான்" என்று சுப்புராயன் பதறினார்.

செல்வநாதன் இன்னொரு பதநீர் டம்ளரை எடுத்து வேலப்பன் முன்னால் நீட்டினார். வேலப்பன் கை நீட்டினார். கை டம்ளரைத் தாண்டிப் போய் இன்ஜினீயரின் சட்டைக் கையைப் பிடித்தது. செல்வநாதன் திரும்பி, தான் கடந்துவந்த மதகைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. கோபம் வந்தது, அது நியாயமும்தான். பிறகு டம்ளரை வேலப்பனின் விரல்களுக்குள் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"சைக்கிளை இங்கேயே விட்டுட்டுப் போங்க. இனிமே அதைத் தொடக் கூடாது" என்றார். "கண் ஆஸ்பத்திரிக்கு லீவு எழுதித் தரேன். வைத்தியம் முடியற வரைக்கும் வீட்டுல இருங்க. அதுக்கப்புறம் வேலை உண்டா இல்லையான்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது." ஓவர்சியர் பக்கம் திரும்பி, "சுப்புராயன், கரை எப்படி இருந்துதோ அப்படியே இருக்கட்டும். மதகுக்கு ரெண்டு பக்கமும் கட்டை அடிங்க, முதல்ல" என்றார்.

வேலப்பனும் தாயம்மாவும் கரையோடு நடந்தே திரும்பினார்கள். அவள் முன்னால், அவள் தோளில் கை வைத்து அவர் பின்னால்.

"எந்தக் கோயிமே? நம்ம வூட்ல ஏது கோயி?"

"இல்லாத கோயிக்கு தான்யா நல்லா சண்ட போட முடியும்" என்றாள் தாயம்மா.

சேதி அவர்களுக்கு முன்னாலேயே கரைக்கு வந்துவிட்டிருந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவரவர் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டுத் தலைகுனிந்து நின்றார்கள். ஒளித்துவைத்த நல்ல காரியம் வெளியே வந்துவிட்டால் திருடினவனைப் போல முழிக்கிற ஜனங்கள் அவர்கள். யாரும் குரல் கொடுக்கவில்லை. காலையில் ஓவர்சியர் துரத்திவிட்டு உண்டாக்கின அமைதியைவிட இது கனமாக இருந்தது.

காலையில் கூடைச் சத்தம் வந்த திருப்பத்தில் வேலப்பன் நின்றார். பச்சைக் கிளிஞ்சல் வாடை அடித்தது.

"பூவம்மா, அங்க தான கீற? இன்னாத்துக்கு வாய மூடிகினு நிக்கற?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

"எனக்குக் கோவம் தான். இத்தினி நாளா என்னிய ஏமாத்திகினு இருந்திருக்கீங்க எல்லாரும். ஆனா இன்னும் வூடு வரைக்கும் போவணும். கொரல் குடுங்கப்பா."

பூவம்மா தண்ணீரிலிருந்து ஏறி வந்தாள். ஈரச் சேலை சொட்டச் சொட்ட அவர் எதிரிலேயே வந்து நின்றாள்.

"அண்ணாத்தே, அன்னிக்கு வலையாண்ட நின்னு கேட்டியே. அது பதில் சொல்லல. நீயும் கோச்சிகினு போய்ட்ட." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப சொல்றேன், கேட்டுக்க. சௌக்கியம் தான் அண்ணாத்தே. புள்ளைக்கும் காய்ச்சல் வுட்டுட்ச்சி."